என் காலால் நான் ஆற்றில் இறங்கவில்லை, அக்கா

சோரோவோதா,
ஏப்ரல் 21, செவ்வாய்க்கிழமை.

யானினா நகரில் நலமே வாழும் என் மூத்த சகோதரி ஃபெரிதே அவர்களுக்கு, தம்பி ருஸ்தெம் தலை தாழ்த்தி எழுதுவது. தொமோர் மலையின் தயவால் நானும் மகள் எத்லேவாவும் இங்கே சுகம். தாங்களும், அத்தானும், அத்தானின் இடது முழங்காலும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் அன்றாட வேண்டுதல். இந்த வருஷம் மழை தாராளம். பிளம் மரங்கள் பூத்து முடிந்துவிட்டன. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை என்று எழுதத்தான் ஆசை.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை தாங்கள் அனுப்பிய குரல்செய்தி கிடைத்தது. ஏழு நிமிடம் நாற்பது வினாடி. என் காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன். அதைக் காப்பிக்கடையில் உட்கார்ந்து கேட்டது என் தப்புதான். இப்போது ஊருக்கே அது மனப்பாடம். தெருவில் போனால், "டேய் ருஸ்தெம், அறுபத்தாறு வயசுல..." என்று ஒருவன் ஆரம்பிக்கிறான், "ஆத்துக்கு நடுவுல ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு..." என்று எதிர்க்கடைக்காரன் எடுத்துக்கொடுக்கிறான், "எவளையோ கட்டிப்பிடிச்சுக்கிட்டுப் பாட்டு வேற பாடுறியே, ஒனக்கு வெக்கமா இல்ல?" என்று ரொட்டிக்கடைக்காரி ஜன்னலைத் திறந்து முடித்துவைக்கிறாள். தங்கள் குரல் மாதிரியே பேசுகிறாள், அது வேறு. பதில் சொல்ல நான் ஒன்பது தடவை ஃபோன் போட்டேன். தாங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் தாங்கள்தான் பேசியிருப்பீர்கள். ஐம்பத்தெட்டு வருஷமாக அப்படித்தானே? கடிதத்தில் மட்டும்தான் என் முறை வரும். மேலும், இப்படித் 'தாங்கள்' 'தாங்கள்' என்று நான் எழுதுவதைப் பார்த்ததுமே, 'இவன் ஏதோ பண்ணியிருக்கான்' என்று உனக்குத் தோன்றியிருக்கும். ஆகவே இனி 'நீ'.

அக்கா, முதலில் சத்தியத்தைப் பற்றி. எனக்கு எட்டு வயது, உனக்குப் பதினைந்து. கம்பளி அலசப் போன இடத்தில் ஓசும் ஆறு என்னை இழுத்துக்கொண்டு போக, நீ பாய்ந்து வந்து என் தலைமுடியைப் பிடித்துக் கரையில் போட்டாய். மூச்சு வந்ததும் இரண்டு அறை விட்டாய். பிறகு மடியிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்து என் கையில் வைத்து, "இது மேல சத்தியம் பண்ணுடா, ஒன் காலால இனி இந்த ஆத்துல எறங்கமாட்டேன்னு" என்றாய். செய்தேன். பிறகு அந்த ரொட்டியைத் தின்றும்விட்டேன், ஆகவே சத்தியம் என் வயிற்றிலேயே இருக்கிறது. நாற்பது வருஷம் இந்த வட்டாரத்துக்கு மாட்டு டாக்டராக இருந்தேனே, அக்கரையில் பசு ஈனுகிறது என்றால் கணுக்கால் அளவு தண்ணீரில் நடந்து போகாமல் ஆறு கிலோமீட்டர் சுற்றிப் பாலத்தின் வழியே போனவன் நான். நான் போய்ச் சேர்வதற்குள் பசு ஈன்று, கன்று பால் குடித்து, வீட்டுக்காரர்கள் ராக்கிச் சாராயமும் குடித்து முடித்திருப்பார்கள். ஊர் சிரித்தது. நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அப்படிப்பட்டவன் போன வியாழக்கிழமை மட்டும் புத்தி கெட்டு ஆற்றில் இறங்கியிருப்பேனா? இறங்கவில்லை. என்ன நடந்தது என்று கேள்.

வியாழக்கிழமை காலை. முந்தைய இரவு முழுக்க மழை. மலையில் பனியும் உருகியதால் ஆறு காப்பிக்கொட்டை நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் காப்பிக்கடையில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தேன்; ஜெயிக்கும் நிலையில் இருந்தேன் என்பதையும் குறித்துக்கொள். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு லும்தூரி உள்ளே வந்தாள். லும்தூரியை உனக்குத் தெரியும், உன் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு கீழே படித்தவள். கீழே படித்தாலும் உன்னையே தள்ளிவிட்டு வரிசையில் முன்னால் போனவள் என்று நீ சொல்வாயே, அவளேதான். கணவர் இறந்த பிறகு மேலே, பள்ளத்தாக்கு விளிம்பில் இருக்கும் கிராமத்தில் பத்தொன்பது ஆடு வைத்துக்கொண்டு, பாலாடைக்கட்டி செய்து சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிறாள். என்னோடு ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. காரணம் உனக்கு நான் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். அவளிடம் சுல்தான் என்று ஒரு பொலிகிடா இருந்தது. பெராத் வரைக்கும் பேர் பெற்ற கிடா. அதன் பக்கத்தில் இன்னொரு சாதாரணக் கிடாவும் இருந்தது. இரண்டும் கறுப்பு. சாதாரணத்தைக் காயடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். மீதியை நீயே ஊகித்துக்கொள். அன்றிலிருந்து என்னைத் தெருவில் பார்த்தால், எதிர்ப்பக்கம் போய்விடுவாள். எதிர்ப்பக்கம் சேறாக இருந்தால், என்னைப் போகச் சொல்லிக் கையைக் காட்டுவாள்.

அவள் கடைக்குள் வந்து என்னைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துக் கேட்டாள்: "இந்த ஊர்ல ஆடு மாட்டுக்கு வைத்தியம் பாக்குறவன் எவனாச்சும் உசுரோட இருக்கானா?"

புதிதாக வந்த டாக்டர் பையன் ஏதோ பயிற்சிக்காகத் தலைநகர் போயிருந்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டோமினோவைப் பார்த்தேன்.

"இருக்கான்னா சொல்லுங்க," என்றாள் கூரையிடம். "என் ஆடு பர்தோஷா விடியக்காலையிலருந்து முக்கிக்கிட்டு இருக்கா. பைனாகுலர்ல பாத்தா ஒரு கால் மட்டும் வெளிய தெரியுது. சுல்தானோட கடைசி வம்சம் அவ ஒருத்திதான். மத்த வம்சத்தத்தான் ஒருத்தர் முடிச்சு வெச்சுட்டாரு."

நான் எழுந்துவிட்டேன். வேறு என்ன செய்ய முடியும் அக்கா, நீயே சொல். பையை எடுத்துக்கொண்டு அவளுடைய வேனில் ஏறினேன். விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தி, கீழே காட்டினாள். எழுபது எண்பது மீட்டர் கீழே, இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே ஆறு. அதன் ஓரத்தில் ஒரு சமையலறை அளவுக்குக் கூழாங்கல் திட்டு. அதில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஆடு முந்தைய நாள் மேய்ந்தபடியே ஓடைப் பள்ளம் வழியாக இறங்கியிருக்கிறது. இரவு பெய்த மழையில் அந்த ஓடைப் பள்ளம் அருவியாக மாறிவிட்டது. மேலிருந்து போக வழி இல்லை. நான் நிதானமாக, "இங்கருந்தே சத்தம் போட்டுச் சொல்லிப் பாக்கலாமா?" என்றேன்.

அவள் முதல் தடவையாக நேராக என் முகத்தைப் பார்த்தாள். "யாருகிட்ட சொல்லுவீங்க? ஆட்டுகிட்டயா?"

"கயிறு கட்டி..."

"துணி காயப்போடுற கயிறு இருக்கு. வாங்க, எறக்குறேன். சந்தோஷமா எறக்குவேன்."

அவள் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. அது எத்லேவாவின் படகு.

எத்லேவா நடத்தும் படகுத் தொழிலைப் பற்றி நீ ஏற்கெனவே நிறையச் சொல்லியிருக்கிறாய். நான் ஒன்றும் சேர்க்கவில்லை. அன்று அவளுடைய படகோட்டிப் பையன் முந்தின ராத்திரி கல்யாணத்தில் ஆடிக் கணுக்கால் சுளுக்கிப் படுத்திருந்தான். ஆகவே அவளே ஒரு படகை எடுத்துக்கொண்டு, போலந்திலிருந்து வந்த நாலு பெண்மணிகளோடு கிளம்பத் தயாராக இருந்தாள். நாலு பேரும் அங்கே டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர்கள். எல்லோருக்கும் என் வயது இருக்கும். தலைவி பெயர் போஜெனா. தோள்பட்டை இரண்டும் நம் பழைய அலமாரி மாதிரி. விஷயத்தை எத்லேவா அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும், நாலு பேரும் ஒரே குரலில் ஏதோ கத்தினார்கள். "என்ன சொல்றாங்க?" என்றேன். "பிரசவம் பாக்குறதுக்குத் தனியாக் காசு கேப்பியான்னு கேக்குறாங்கப்பா. ரொம்ப சந்தோஷமா இருக்காங்க."

நான் எத்லேவாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சத்தியத்தை நினைவுபடுத்தினேன். அவள் யோசித்தாள். உன் மருமகள் அல்லவா, சட்டப்படி யோசித்தாள். "அத்தைகிட்ட என்ன சொன்னீங்க? ஒங்க காலால ஆத்துல எறங்கமாட்டேன்னுதானே? படகு கரையில இருக்கு. கரையிலயே ஏறி ஒக்காருங்க. காலத் தூக்கி உள்ள வெச்சுக்கங்க. மீதிய நாங்க பாத்துக்குறோம்." அதன்படியே செய்தேன். ரப்பர் உடுப்பை மாட்டிவிட்டார்கள். ஹெல்மெட்டை வைத்தார்கள். பையைப் பிளாஸ்டிக்கில் சுற்றிப் படகில் கட்டினார்கள். நான் காய்ந்த கூழாங்கல் மேல் இருந்த படகில் ஏறி, நடுவில் உட்கார்ந்து, இரண்டு காலையும் மடக்கி வைத்துக்கொண்டேன். போலந்துப் பெண்மணிகள் நாலு பேரும் பின்னாலிருந்து ஒரு தள்ளு. ஆகவே நான் ஆற்றில் இறங்கவில்லை அக்கா. நான் நிலத்தில்தான் உட்கார்ந்தேன். நிலத்தைத்தான் எனக்கு அடியிலிருந்து உருவிவிட்டார்கள்.

லும்தூரியும் வந்தாள். ஆடு அவளுடையது, வராமல் இருப்பாளா? எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். திரும்பாமலே, "அந்தக் காயடிக்கிற கிடுக்கிய எல்லாம் கொண்டுவரலையே?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் முதல் சுழல் வந்துவிட்டது. எத்லேவா பின்னாலிருந்து, "முன்னால போடுங்க! பின்னால போடுங்க! குனிங்க! அப்பா, துடுப்பு தண்ணியில படணும், காத்துல இல்ல!" என்று கத்துகிறாள். ஒவ்வொரு பாறை வரும்போதும் போஜெனா வாயாலேயே டிராம் மணி அடிக்கிறாள். மற்ற மூன்று பேரும் நிறுத்தம் பேர் சொல்கிறார்கள். தண்ணீர் முகத்தில் அறைகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லா மகான் பாபாக்களின் பெயரையும் சொன்னேன். தெரிந்த பெயர்கள் தீர்ந்த பிறகு, உன் பெயரைச் சொன்னேன்.

பிறகு ஒரு திருப்பத்தில் சத்தமெல்லாம் அடங்கியது. கண்ணைத் திறந்தேன். அக்கா, அதை எப்படி எழுதுவது? இரண்டு பக்கமும் சாம்பல் நிறச் சுவர் மேலே போய்க்கொண்டே இருக்கிறது. நடுவில் ஒரு நாடா அகலத்துக்கு வானம். சுவரிலிருந்து அங்கங்கே அருவிகள், சில நூல் மாதிரி, சில வெறும் ஆவி மாதிரி. நாங்கள் அதற்கு அடியில் போகிறோம், யாரோ நம் தலையில் பன்னீர் தெளிப்பது போல விழுகிறது. பாறை இடுக்கில் அத்திமரம். ஒரு நீலப் பறவை எங்களுக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு பறக்கிறது. அறுபத்தாறு வருஷம் மேலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறேன். அது ஒரு வீட்டின் கூரையைப் பார்த்துவிட்டு, வீட்டையே பார்த்துவிட்டேன் என்று சொல்வது மாதிரி. உள்ளே போனது அன்றுதான். நான் வாயைத் திறந்தபடி இருந்தேன் போலிருக்கிறது. லும்தூரி திரும்பிப் பார்த்து, "நானும் மொதத் தடவைதான்," என்றாள், மெதுவாக. கூரையிடம் அல்ல, என்னிடம். சரி, இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. இதில் ஒன்றும் இல்லை.

திட்டை அடைந்தோம். படகை மூக்கு இடிக்க ஏற்றி நிறுத்தினாள் எத்லேவா. நான் படகிலிருந்து நேராகக் கூழாங்கல்லில் கால் வைத்தேன், அது நிலம். பர்தோஷா பக்கவாட்டில் படுத்து, என்னைப் பார்த்து ஒரு தடவை கத்தினாள். குடும்ப விரோதம் அவளுக்கும் தெரிந்திருந்தது. ஒரு முன்கால் வெளியே. இன்னொன்று உள்ளே மடங்கி மாட்டியிருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, திட்டு சமையலறை அளவிலிருந்து மேசை அளவுக்கு வந்துகொண்டிருந்தது. கையில் ராக்கியை ஊற்றிக் கழுவினேன். மிச்சத்தை போஜெனா வாங்கிக் கழுவாமல் குடித்தாள். குட்டியை மெல்ல உள்ளே தள்ளி, மடங்கிய காலைத் தேடிப் பிடித்து, நிமிர்த்தி, ஆடு முக்கும்போது கூடவே இழுத்து... அக்கா, ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. கை மறந்திருக்கும் என்று பயந்தேன். மறக்கவில்லை. முதல் குட்டி வந்தது. பெட்டை. வந்ததும் தும்மியது. போலந்துக்காரிகள் கைதட்டினார்கள்.

இரண்டாவது வந்தது. கிடா. கறுப்பு. மூச்சு இல்லை.

லும்தூரி கையை வாயில் வைத்துக்கொண்டாள். சளியை விரலால் எடுத்தேன். பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி ஆட்டினேன், வைக்கோல் இல்லாததால் போஜெனா தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கொடுக்க, அதால் நெஞ்சைத் தேய்த்தேன், மூக்கில் ஊதினேன், திரும்பத் தேய்த்தேன், திரும்ப ஊதினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எத்லேவா, "அப்பா, தண்ணி ஏறுது, கெளம்பணும்," என்றாள். "வாயை மூடு" என்று அவளிடம் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன். அப்போது அந்தக் கறுப்புப் பயல் ஒரு தடவை உதறினான். பிறகு என் மூக்கிலேயே தும்மினான். அப்போது எல்லோரும் அழுதார்கள். போலந்துக்காரிகள் அழுதுகொண்டே பாட ஆரம்பித்தார்கள்.

இப்போதுதான் நீ வீடியோவில் பார்க்காத முக்கியமான இடம் வருகிறது. ஆட்டையும் முதல் குட்டியையும் படகில் ஏற்றியாயிற்று. கறுப்புக் குட்டி தானே எழுந்து நிற்க ஆசைப்பட்டு, நாலு காலையும் நாலு திசையில் வைத்து, சரிந்து, திட்டின் விளிம்பிலிருந்து தண்ணீரில் விழுந்துவிட்டது. அதே நேரத்தில் என் கால் வழுக்கியது. பாசி, அக்கா. ஓசும் ஆற்றுப் பாசி எப்படி என்று உனக்குத் தெரியாதா? வழுக்கி ஆற்றில் விழுந்தேன். விழுந்த இடத்தில் தற்செயலாகக் குட்டி இருந்தது. விழுகிறவன் கையில் கிடைத்ததைப் பிடிப்பது இயற்கை, பிடித்தேன். என் காலால் நான் இறங்கவில்லை. முதுகால்தான் இறங்கினேன் என்று நினைக்கிறேன். லைஃப் ஜாக்கெட் என்னைத் தூக்கியது, நான் குட்டியைத் தூக்கினேன், லும்தூரி கயிறு எறிந்தாள், நாலு டிராம் ஓட்டிகள் சேர்ந்து இழுத்தார்கள். கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். மோசமில்லை.

மலைப்பனி உருகிய தண்ணீர், எனக்குப் பல் தந்தியடித்தது. "ஒடம்பு சூட்டக் குடுங்க, இல்லன்னா விறைச்சுப்போயிருவாரு" என்று எத்லேவா கத்தினாள். அது அவர்கள் படித்த முதலுதவி விதி, புத்தகத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் இருந்தது லும்தூரி. ஆகவே விதிப்படி லும்தூரி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நடுவில் குட்டி இருந்தது, அதைக் கவனித்தாயா? குட்டி இருந்தது. ஒரு ஐந்து நிமிடம் இருக்கும். பல் கிட்டிக்கொள்ளாமல் இருக்கப் பாடச் சொன்னாள் எத்லேவா. பாடினேன். எனக்கு வார்த்தை தெரிந்த ஒரே பாட்டு கல்யாணப்பாட்டு. இதில் உள்நோக்கம் ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்து போஜெனா ஃபோனை எடுத்து நாற்பது வினாடி படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள். அந்த நாற்பது வினாடிக்கு முன்னால் ஒரு முழுக் காலைப்பொழுது இருக்கிறது, அக்கா. உன் பேரனுக்கு அதைச் சொல். இனி இந்த மாதிரி எதையும் உன்னிடம் காட்டுவதற்கு முன் அவன் ஃபோனில் சார்ஜ் தீர்ந்துபோகட்டும்.

ஊர் திரும்பியபோது பாலத்தின் மேல் ஜனம் கூடி நின்றது. "கேப்டன்! கேப்டன்!" என்று கத்தினார்கள். காப்பிக்கடைக்காரர் எனக்கு முழு ரொட்டியும், சுட்ட ஈரலும், ஒரு கோப்பை ராக்கியும் இலவசமாக வைத்தார். டோமினோவில் என் கட்டைகளை அவர்கள் மாற்றி வைத்திருந்ததை அதனால் மன்னித்தேன். அடுத்த நாள் லும்தூரி ஒரு பெரிய பாலாடைக்கட்டி கொடுத்தனுப்பினாள். நான் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், மரியாதைக்காக. சனிக்கிழமையும் போனேன், குட்டியின் தொப்புளைப் பார்ப்பதற்காக. ஞாயிற்றுக்கிழமையும் போனேன், இன்னொரு குட்டிக்கும் தொப்புள் இருக்கிறதே. இதை உனக்கு யாராவது வேறு மாதிரி சொல்வார்கள், நம்பாதே. அவள் என்னை 'டாக்டரே' என்று கூப்பிடாமல் 'ருஸ்தெம்' என்று கூப்பிடுகிறாள், அவ்வளவுதான். மற்றபடி எங்களுக்குள் ஒன்றும் இல்லை.

ஆகவே என் நிலைப்பாடு இது: சத்தியம் முழுசாக, ஒரு விரிசல் இல்லாமல் என்னிடம் இருக்கிறது. இனி அந்த ஆற்றின் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கமாட்டேன். ரப்பர் உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீ மனம் இறங்கி ஃபோனை எடு.

அத்தானுக்கு என் வணக்கங்கள். அவர் முழங்காலுக்கு ஆலிவ் எண்ணெயெல்லாம் வேண்டாம், நான் மாட்டுக்குக் கொடுக்கும் களிம்பையே அனுப்புகிறேன், யாரிடமும் சொல்லவேண்டாம். உன் மக்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் (அந்த ஃபோன்காரனுக்கும்கூட) நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கிடைக்கட்டும். உன் கை எப்போதும் மாவும் வெண்ணெயுமாக இருக்கட்டும். என் கன்னத்துப் பக்கம் மட்டும் வரவேண்டாம்.

என்றும் உன் சொல் தட்டாத,
தம்பி ருஸ்தெம்.

பின்குறிப்பு:

ஃபெரிதே, இது லும்தூரி. யானினா பஸ் டிரைவரிடம் கொடுக்கச் சொல்லி உன் தம்பி இந்தக் கடிதத்தை என்னிடம் தந்தார். உறை ஒட்டவில்லை. நான் படித்தேன். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்பு என்று சொல்வார்கள், ஆனால் இதில் என்னைப் பற்றி மூன்று இடத்தில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதியிருக்கிறார். ஆகவே எனக்கும் கொஞ்சம் இடம் உண்டு.

அவர் வழுக்கவில்லை. அந்தத் திட்டில் பாசியே கிடையாது, காய்ந்த கூழாங்கல். குட்டி தண்ணீரில் விழுந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார், மடித்தார், என் கையில் கொடுத்தார், "பத்திரம்" என்றார். வழுக்கி விழுகிறவன் கண்ணாடியை மடித்துக் கொடுத்துவிட்டா விழுவான்? பிறகு, "அக்கா, மன்னிச்சிடு!" என்று பள்ளத்தாக்கே எதிரொலிக்கும்படி கத்திக்கொண்டு, இரண்டு காலாலும் குதித்தார். நான் கேட்டேன், நாலு போலந்துக்காரிகளும் கேட்டார்கள், அர்த்தம் தெரியாமல் அவர்களும் திரும்பக் கத்தினார்கள். முகம் கழுவும் தொட்டியில் தண்ணீர் நிறைந்தாலே பின்னால் நகர்கிற மனிதர், ஃபெரிதே. என் ஆட்டுக்குட்டிக்காகக் குதித்தார். கயிறு எறிந்தது நானில்லை, எத்லேவா. நான் கண்ணாடியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கட்டிப்பிடித்திருந்ததும் ஐந்து நிமிடம் இல்லை. பாலம் வரைக்கும், முக்கால் மணி நேரம். முதல் பத்து நிமிடத்திலேயே அவருக்குக் குளிர் விட்டுவிட்டது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எத்லேவாவுக்கும் தெரிந்ததால்தான் வேகமாகத் துடுப்புப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே கேட்டுவிட்டேன். இந்த வயதில் இன்னும் எத்தனை நாள் தொப்புள் பார்த்துக்கொண்டிருப்பது? அவர், "அக்காவுக்கு எழுதிக் கேக்கணும்" என்றார். இரண்டு நாள் எழுதினார். பார், இத்தனை பக்கத்தில் அந்த ஒரு வரி மட்டும் இல்லை. ஆகவே அதை நான் எழுதுகிறேன்: எங்கள் கல்யாணம் மே மாதம் இரண்டாவது ஞாயிறு. நீ அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்ததால்தான் இன்று எனக்கு ஒருவர் கிடைத்திருக்கிறார், அதற்கு நன்றி சொல்லவும் வேண்டும், நேரில் வா.

பெண்ணழைப்பு என் கிராமத்திலிருந்து சோரோவோதா வரைக்கும். ரோட்டு வழியாக இல்லை. எத்லேவா ஆறு படகு ஒதுக்கியிருக்கிறாள், போலந்துக்காரிகளும் திரும்பி வருகிறார்கள். உனக்கு முதல் படகில் முன்வரிசை. மாற்று உடுப்பு ஒன்று கொண்டு வா.